டெல்ஃப்ட் பூச்சாடிகளும் ஓர் அரசியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே கடல் நடுவில் இருக்கும் நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட் என்று இன்னொரு பெயர் உண்டு. நம் நாட்டின் கரையோரங்களை ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில், தமது சொந்த ஊர்களின் பெயர்களை இங்குள்ள தீவுகளுக்குச் சூட்டினார்கள். வேலணைத் தீவு லெய்டன் ஆனது. காரைநகர் அம்ஸ்ரடாம் ஆனது. நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது. அந்த மூல டெல்ஃப்ட், நெதர்லாந்தில் ஹேக் நகரத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால்கள் ஓடும் ஒரு சிறிய நகரம். வெள்ளைப் பரப்பில் நீல நிறத்தால் சித்திரம் தீட்டிய மட்பாண்டங்களே அதற்கு உலகப் புகழைத் தேடிக் கொடுத்தன. அந்தப் பாண்டங்களுள் மிக உயரமானவையும் மிக விசித்திரமானவையுமான பூச்சாடிகளைச் சொல்லிச் செய்வித்துச் சேர்த்த ஒரு பெண்மணி இருந்தார். அவர்தான் இங்கிலாந்தின் அரசி இரண்டாம் மேரி.

வரலாற்றுப் பாடத்தில் இவருடைய பெயர் தனியாக வருவது குறைவு. இரத்தம் சிந்தாப் புரட்சி, 1689ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் என்று படிக்கும்போது வில்லியமும் மேரியும் என்று சேர்த்தே படிக்கிறோம். கணவரின் பெயர் முன்னே நிற்க, இவர் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறார். ஆனால் இவருடைய வாழ்க்கையைச் சற்று நின்று பார்த்தால், தனக்கென்று எதையும் தீர்மானிக்க இடம் கிடைக்காத ஒரு பெண், கிடைத்த சின்ன இடத்தில் எதைச் செய்தார் என்பது தெரியவரும்.

மேரி 1662ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் திகதி இலண்டனில் சென். ஜேம்ஸ் அரண்மனையில் பிறந்தார். தந்தை யோர்க் கோமகன் ஜேம்ஸ். அப்போது மன்னராக இருந்த இரண்டாம் சார்ள்ஸின் தம்பி. தாய் ஆன் ஹைட். இத்தம்பதியருக்கு எட்டுக் குழந்தைகள் பிறந்தும், வளர்ந்து பெரியவர்களானது மேரியும் தங்கை ஆனும் மட்டுமே. மேரிக்கு எட்டு வயதாக இருக்கும்போது, 1671இல், தாய் இறந்துபோனார். தந்தையோ கத்தோலிக்க மதத்தைத் தழுவியிருந்தார். நாடு புரட்டஸ்தாந்து நாடு. ஆகவே மன்னரின் கட்டளைப்படி இரண்டு பெண் பிள்ளைகளும் தந்தையின் வீட்டிலிருந்து விலக்கப்பட்டு, ரிச்மண்டில் வேறொருவரின் பொறுப்பில் புரட்டஸ்தாந்து முறைப்படி வளர்க்கப்பட்டார்கள். எந்த நம்பிக்கையில் வளர வேண்டும் என்பதையும் அரசாங்கமே முடிவு செய்தது.

அடுத்த முடிவும் அப்படித்தான் வந்தது. மேரிக்குப் பதினைந்து வயதானபோது, ஒரேஞ்ச் இளவரசர் வில்லியத்துக்கு அவரை மணமுடித்துக் கொடுப்பதென்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். வில்லியம் நெதர்லாந்தின் தலைமைப் பதவியில் இருந்தவர். மேரியின் தந்தையுடைய சகோதரியின் மகன். நம் வழக்கில் சொன்னால் மாமி மகன், மச்சான் முறை. வயதில் பன்னிரண்டு ஆண்டு மூத்தவர். உயரத்தில் மேரியை விடக் குறைந்தவர். இழுப்பு நோயால் அவதிப்படுபவர், அதிகம் பேசாதவர். செய்தியைக் கேட்ட மேரி அன்று முழுவதும் அழுதார் என்று அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன. அழுகை எதையும் மாற்றவில்லை. 1677ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் திகதி, மணமகனின் இருபத்தேழாவது பிறந்தநாளன்று, திருமணம் நடந்தது. சாதாரண தரப் பரீட்சைக்கு நாம் ஆயத்தமாகும் வயதில், மொழி தெரியாத நாட்டுக்கு ஒரு மணப்பெண்ணாகக் கடல் கடந்து போனார் மேரி.

ஆனால் அழுதுகொண்டு போன இடமே பின்னாளில் அவர் மிகவும் நேசித்த இடமாயிற்று. ஹேக் நகரமும் அதைச் சுற்றியிருந்த ஹொன்ஸலார்ஸ்டைக் முதலிய மாளிகைகளும் அவருக்குப் பிடித்துப் போயின. ஒல்லாந்த மக்களின் சுத்தமும் எளிமையும் அவரைக் கவர்ந்தன. அவர்களும் இந்த உயரமான, சிரித்த முகமுள்ள இளவரசியை விரும்பினார்கள். திருமணமான அடுத்த ஆண்டே அவருக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் குழந்தைப் பாக்கியம் கிடைக்கவில்லை. கணவர் பெரும்பாலும் போர்க்களத்தில் அல்லது அரசியல் ஆலோசனையில் இருந்தார். மேரி நூல் வேலை செய்தார், படித்தார், தோட்டம் போட்டார், வீட்டை அலங்கரித்தார். அங்கேதான் டெல்ஃப்ட் பாண்டங்கள் அவருடைய வாழ்க்கைக்குள் வந்தன.

இந்த இடத்தில் டெல்ஃப்ட் பாண்டத்தின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1602இல் தொடங்கப்பட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு ஆறு நகரங்களில் கிளைகள் இருந்தன. அவற்றுள் டெல்ஃப்ட் நகரமும் ஒன்று. நம் நாட்டுக் கறுவாவை ஏற்றிச் சென்ற அதே கம்பனி, சீனாவிலிருந்து நீல வெள்ளைப் பீங்கான்களையும் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது. வசதி படைத்தவர்கள் போட்டி போட்டுக்கொண்டு அவற்றை வாங்கினார்கள். 1644இல் சீனாவில் மிங் அரச வம்சம் வீழ்ந்து உள்நாட்டுப் போர் மூண்டதும் பீங்கான் வரத்துக் குறைந்துவிட்டது. அந்த வெற்றிடத்தை டெல்ஃப்ட் குயவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்நகரில் முன்பு பியர் வடித்த பல கட்டடங்கள் தொழில் நலிந்து கைவிடப்பட்டிருந்தன. அவற்றில் சூளைகள் எழுந்தன. சிறப்பாக இருந்த காலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட பட்டறைகள் அங்கே இயங்கின.

ஆனால் டெல்ஃப்ட் பாண்டம் உண்மையான பீங்கான் அல்ல. பீங்கான் செய்யத் தேவையான வெண்களியும் அதன் இரகசியமும் அவர்களிடம் இருக்கவில்லை. இருந்தது சாதாரண மஞ்சள் நிறக் களிமண்தான். அதை வனைந்து ஒருமுறை சுட்டார்கள். பிறகு வெள்ளீயம் கலந்த வெண்ணிற மெருகுக் கரைசலில் முக்கி எடுத்தார்கள். காய்ந்த பின் மேற்பரப்பு மாவு பூசியது போல இருக்கும். அதன்மேல் கோபால்ட் நீலத்தால் சித்திரம் வரைவார்கள். தூரிகை பட்டவுடன் மெருகு சாயத்தை உறிஞ்சிவிடும். பிழை விட்டால் அழிக்க முடியாது. ஆகவே ஊசியால் துளையிட்ட காகிதத்தை வைத்து, அதன்மேல் கரித்தூளைத் தட்டி, புள்ளிகளாக உருவத்தைப் பதித்துக்கொண்டு வரைவதும் உண்டு. கடைசியில் கண்ணாடி போன்ற மெருகு ஒன்றைத் தெளித்து மறுபடியும் சூளையில் வைத்தால், சீனப் பீங்கான் போலப் பளபளக்கும் பாண்டம் கிடைக்கும். விளிம்பில் சிறிது உடைந்தால் மட்டும் உள்ளே இருக்கும் மண் நிறம் வெளியே தெரிந்துவிடும்.

இந்த வித்தை டெல்ஃப்டில் பிறந்ததும் அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாசியர் ஆட்சியின்போது, ஈராக்கின் பஸராவில் இருந்த குயவர்கள், சீனாவிலிருந்து கப்பலில் வந்த வெண்பாண்டங்களைப் பார்த்து, அதைப் போலச் செய்ய முயன்று வெள்ளீய மெருகைக் கையாளத் தொடங்கினார்கள். வெள்ளைமேல் நீலம் தீட்டியவர்களும் அவர்களே. அந்தக் கைவினை முஸ்லிம்களின் ஸ்பெயினுக்குப் போய், அங்கிருந்து இத்தாலிக்குப் போய், இத்தாலியக் குயவர்களோடு அன்ட்வேர்ப் நகருக்கு வந்து, பின்னர் வடக்கே டெல்ஃப்டை அடைந்தது. பஸராவில் கிளம்பிய அறிவு எண்ணூறு ஆண்டுகள் கழித்து ஓர் ஆங்கில அரசியின் அலுமாரியை அலங்கரித்தது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

மேரி ஹேக்கில் வாழ்ந்த காலத்தில் டெல்ஃப்டின் முன்னணிப் பட்டறைகளுள் ஒன்று கிரேக்க ஆ என்ற பொருள்படும் பெயருடைய பட்டறை. 1686இல் அது அட்ரியானஸ் கொக்ஸ் என்பவரின் கைக்கு வந்தது. அப்போது சீனப் பீங்கான் மீண்டும் தாராளமாக வரத் தொடங்கியிருந்தது. சீனர் செய்வதையே செய்துகொண்டிருந்தால் பிழைக்க முடியாது என்பதை டெல்ஃப்ட் குயவர்கள் உணர்ந்திருந்தார்கள். சீனர் செய்யாத பெரிய உருவங்களை, ஐரோப்பிய மாளிகைகளுக்கே உரிய உருவங்களைச் செய்தார்கள். அவற்றுள் தலைசிறந்தது பூக்கோபுரம்.

பூக்கோபுரம் என்பது ஒரு மீற்றருக்கும் மேலே உயர்ந்து நிற்கும் பூச்சாடி. அடியில் பெரிய பீடம். அதன்மேல் ஒன்றைவிட ஒன்று சிறியதாக அடுக்கடுக்கான தட்டுகள். ஒவ்வொரு தட்டும் தனியாகச் செய்யப்பட்ட ஒரு நீர்த்தொட்டி. அதன் மூலைகளில் விலங்குகளின் திறந்த வாய் போலக் குழல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு குழலிலும் ஒரு பூவைச் செருக வேண்டும். எல்லாத் தட்டுகளும் நிறைந்தால், பூக்களே கட்டிய கோபுரம் போல இருக்கும். இன்று இவற்றைத் துலிப் சாடி என்று அழைக்கிறார்கள். ஆனால் துலிப் மட்டுமல்ல, தோட்டத்தில் அந்தந்தப் பருவத்தில் மலர்ந்த எல்லாப் பூக்களையும் இவற்றில் வைத்தார்கள். ஒல்லாந்தர் துலிப் கிழங்குகளுக்குப் பைத்தியம் பிடித்ததுபோல விலை கொடுத்து நட்டமடைந்ததும் இக்காலத்தில் அல்ல; அது 1637இல், மேரி பிறப்பதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு நடந்து முடிந்த கதை.

1687இல் சுவீடன் நாட்டுக் கட்டடக் கலைஞரான நிக்கொடேமஸ் டெசின் ஹொன்ஸலார்ஸ்டைக் மாளிகைக்கு வந்தார். மேரியின் அறையில் பீங்கான்கள் எப்படி நிறைந்து அடுக்கப்பட்டிருந்தன என்பதையும், கூரையில் பதித்த கண்ணாடிகள் அவற்றைப் பல மடங்காகக் காட்டியதையும் வியந்து குறித்து வைத்தார். இந்த அலங்காரத்தில் மேரிக்குத் துணை நின்றவர் டானியல் மரோ. பிரான்சில் புரட்டஸ்தாந்தர்களுக்கு வாழ வழியில்லாமல் போன 1685ஆம் ஆண்டில் நெதர்லாந்துக்கு வந்து சேர்ந்த அகதி இளைஞர் அவர். அவருடைய வரைபடங்களும் கொக்ஸின் சூளையும் மேரியின் விருப்பமும் ஒன்று சேர்ந்தன.

ஒரு வகையில் இது நமக்குப் புதியது அல்ல. நம் வீட்டு முன்னறையிலும் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கிறது. உம்மாவின் நல்ல பீங்கான்கள் அதில் இருக்கின்றன. பெருநாளுக்கோ கலியாணத்துக்கோ தவிர அவை வெளியே வருவதில்லை. ஒன்று உடைந்தால் வீட்டில் ஒரு நாள் முழுக்க அதே பேச்சுத்தான். பொருளின் விலையை விட, அதைத் தேர்ந்து வாங்கி வைத்தவரின் மனம் அதில் இருப்பதே காரணம். மேரியின் நம்பிக்கையையும் கணவரையும் நாட்டையும் பிறர் தேர்ந்தெடுத்தார்கள். எந்தச் சாடி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தது மட்டும் மேரி.

இந்த அமைதியான வாழ்க்கை 1688இல் முடிந்தது. 1685இல் தந்தை இரண்டாம் ஜேம்ஸ் என்ற பெயரில் மன்னராகியிருந்தார். அவருடைய ஆட்சிமுறையும் மதக் கொள்கையும் நாட்டின் பெரும் புள்ளிகளைப் பகைத்துக்கொண்டன. அவர்களில் சிலர் வில்லியத்தை அழைத்தார்கள். 1688 நவம்பர் 5ஆம் திகதி வில்லியம் படையோடு இங்கிலாந்தின் டோர்பே கரையில் இறங்கினார். ஜேம்ஸ் பிரான்சுக்கு ஓடினார். கணவர் தந்தைக்கு எதிராகக் கப்பலேறியபோது ஹேக்கில் தனித்திருந்த மேரியின் நிலையை நினைத்துப் பாருங்கள். யார் வென்றாலும் அவருக்கு இழப்பு. கணவரின் பக்கமே நியாயம் என்று அவர் நம்பினார். ஆனால் தந்தையின் உயிருக்குத் தீங்கு வரக்கூடாது என்றும் விரும்பினார்.

1689 பெப்ரவரியில் மேரி இலண்டன் வந்தார். தந்தை விட்டுச் சென்ற அரண்மனைக்குள் சிரித்த முகத்தோடு நடமாடினார் என்று பலர் அவரைத் தூற்றினார்கள். கணவரின் வெற்றிக்கு இழுக்கு வராதபடி மகிழ்ச்சியாக இருக்கும்படி வில்லியமே அவரிடம் கேட்டிருந்தார் என்பது பின்னர் தெரியவந்தது. துக்கத்தை உள்ளே வைத்துக்கொண்டு முகத்தில் வேறொன்றைக் காட்டும் நிலைமை பெண்கள் பலருக்கும் தெரிந்ததே. அவ்வாண்டு ஏப்ரல் 11ஆம் திகதி இருவரும் கூட்டாக முடிசூடினார்கள்.

வில்லியத்துக்கு இலண்டனின் புகையும் பனியும் ஒத்துக்கொள்ளவில்லை. எனவே நகருக்கு வெளியே தேம்ஸ் நதிக்கரையில் இருந்த ஹம்ப்டன் கோர்ட் அரண்மனையைப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். கட்டட வேலை கிறிஸ்டோபர் ரென் என்ற புகழ்பெற்ற கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. வேலை விரைவாக முடிய வேண்டும் என்று அரச தம்பதியர் அவசரப்படுத்தினார்கள். 1689 டிசம்பரில் புதிய கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. இரண்டு தொழிலாளர்கள் மாண்டார்கள், பலர் காயமடைந்தார்கள். தம்முடைய அவசரமே இதற்குக் காரணம் என்று மேரி மனம் வருந்தினார். அழகின் மேல் வைத்த ஆசை ஏழைகளின் உயிரோடு விளையாடிவிட்டதே என்ற உறுத்தல் அவருக்கு இருந்தது. அரசர்களின் வரலாற்றில் இத்தகைய வருத்தம் அடிக்கடி காணப்படுவதல்ல.

அரண்மனை எழும்பும் வரை, நதியோரத்தில் இருந்த பழைய கட்டடம் ஒன்று மேரியின் தனி மாளிகையாக மாற்றப்பட்டது. அதற்கு நீர் மாடம் என்று பொருள்படும் பெயர். அங்கேதான் அவருடைய டெல்ஃப்ட் சேகரிப்புப் பூத்துக் குலுங்கியது. கொக்ஸின் பட்டறையிலிருந்து பூக்கோபுரங்கள் கப்பலில் வந்தன. அவற்றில் அரச இலச்சினையும் கணவன் மனைவி இருவரின் பெயரெழுத்துகளும் நீலத்தில் தீட்டப்பட்டிருந்தன. கோடைகாலத்தில் நெருப்பு மூட்டாத அடுப்பங்கரைகளில் அவற்றைப் பூக்களோடு வைத்தார்கள். அங்கே ஒரு பால் அறையும் இருந்தது. அதன் சுவர்களுக்கு மரோ வரைந்த பெரிய நீல ஓடுகளும், பாலை ஊற்றி ஆடை படிய வைக்கும் அகன்ற டெல்ஃப்ட் சட்டிகளும் செய்விக்கப்பட்டன. ஓர் அரசி தம் கையால் பால் கடைந்து பார்க்கும் அறைக்கு, அரச சபைக்குக் கொடுத்த அதே கவனத்தைக் கொடுத்திருக்கிறார்.

தோட்டத்தின் மீதும் அவருக்கு அதே ஈடுபாடு இருந்தது. வெப்ப நாட்டுச் செடிகளைக் குளிர்நாட்டில் வளர்ப்பதற்காக ஹம்ப்டன் கோர்ட்டில் கணப்பூட்டிய கண்ணாடி வீடுகள் கட்டப்பட்டன. கீழைத்தேயச் செடிகளின்மேல் அப்போது ஐரோப்பாவில் பெரும் ஆர்வம் இருந்தது. 1670களில் நம் நாட்டில் ஒல்லாந்தக் கம்பனியின் வைத்தியராக இருந்த போல் ஹேர்மன் இங்கு சேகரித்த செடிகளோடு திரும்பி, லெய்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானதும் அந்த ஆர்வத்தின் விளைவே.

கென்சிங்டன் மாளிகையிலோ மேரி சீன, ஜப்பானியப் பீங்கான்களைச் சேர்த்தார். அவர் இறந்த பின் 1697இல் எடுக்கப்பட்ட பட்டியலில் ஏறத்தாழ 800 பீங்கான்கள் இருந்தன. அலுமாரியின் உச்சியிலும் கதவுகளுக்கு மேலேயும் அடுப்பங்கரைத் திண்ணையிலும் கூரை முட்ட அடுக்கும் வழக்கத்தை இங்கிலாந்தில் தொடக்கி வைத்தவர் மேரியே என்று, எழுத்தாளர் டானியல் டீஃபோ பிற்காலத்தில் குறிப்பிட்டார். அது குடும்பங்களை வீண் செலவுக்கு இழுத்துச் சென்றது என்ற குறையையும் அவர் சேர்த்தே சொன்னார். அரசியைப் பார்த்துப் பிரபுக்களும் டெல்ஃப்டுக்கு ஆள் அனுப்பினார்கள். டெவன்ஷயர் பிரபுவின் சட்ஸ்வேர்த் மாளிகையிலும் டைரம் பார்க் மாளிகையிலும் அன்று வாங்கிய பூக்கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன.

வெறும் அலங்காரப் பிரியையாக மேரியை எடைபோட்டால் அது நியாயம் ஆகாது. வில்லியம் போருக்காக நாட்டை விட்டுப் போன போதெல்லாம் ஆட்சிப் பொறுப்பு முழுவதும் மேரியின் தோளில் விழுந்தது. 1690 கோடையில் அது மிகக் கடுமையாக இருந்தது. ஜூன் 30ஆம் திகதி பீச்சி ஹெட் முனையருகே ஆங்கில, ஒல்லாந்தக் கடற்படைகளைப் பிரெஞ்சுக் கடற்படை தோற்கடித்தது. பகைவர் எந்த நேரமும் கரையிறங்கலாம் என்று இலண்டன் நடுங்கியது. மறுநாளே அயர்லாந்தின் பொயின் ஆற்றங்கரையில் கணவரும் தந்தையும் நேருக்கு நேர் போரிட்டார்கள். இருவரும் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி வரும் வரை மேரி பட்ட பாட்டைச் சொல்லத் தேவையில்லை. அத்தனைக்கும் நடுவில் அமைச்சர்களைக் கூட்டினார், கட்டளைகள் பிறப்பித்தார், கலங்காமல் நின்றார். கணவர் திரும்பி வந்ததும் அதிகாரத்தை அவரிடமே ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

தங்கை ஆனோடும் உறவு முறிந்தது. ஆனின் தோழி சாரா சேர்ச்சிலின் கணவர் மீது அரச தம்பதியருக்குச் சந்தேகம் ஏற்பட்டதால், சாராவை விலக்கும்படி மேரி கேட்டார், ஆன் மறுத்தார். 1692 ஏப்ரலில் ஆனுக்குப் பிறந்த குழந்தை உடனே இறந்துபோனது. பார்க்கச் சென்ற மேரி, அந்த நேரத்திலும் பழைய சச்சரவையே எடுத்தார். அதன்பின் சகோதரிகள் சந்திக்கவே இல்லை. மேரியின் வாழ்க்கையில் அவர்மீது பிழை காணக்கூடிய இடம் இதுவென்றே தோன்றுகிறது. அலுமாரியில் நூற்றுக்கணக்கான பீங்கான்களைக் கீறல் விழாமல் காத்தவருக்கு, இருந்த ஒரே தங்கையின் உறவைக் காக்க முடியவில்லை.

அதே 1692இல் லா ஹோக் கடற்போரில் ஆங்கிலக் கடற்படை வென்றது. ஆனால் கரைக்குக் கொண்டுவரப்பட்ட மாலுமிகளின் நிலை பரிதாபமாக இருந்தது. கை கால் இழந்த ஏழை மாலுமிகள் போக்கிடமின்றித் தவித்தார்கள். கிறின்விச்சில் கட்டி முடிக்காமல் கிடந்த அரண்மனையை அவர்களுக்கான இல்லமாக மாற்ற மேரி முடிவெடுத்தார். 1694இல் அதற்கான அரச பட்டயம் பிறந்தது. இதற்கு முந்திய ஆண்டு அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் ஒரு கல்லூரிக்கும் அரச தம்பதியர் பட்டயம் வழங்கியிருந்தார்கள். இருவர் பெயரையும் தாங்கிய அக்கல்லூரி இன்றும் மாணவர்களைப் படிப்பிக்கிறது.

1694ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனில் பெரியம்மை பரவியது. மேரிக்கும் உடலில் அறிகுறி தெரிந்தது. அம்மைக்கு அந்நாளில் மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. இதுவரை அம்மை காணாத பணியாளர்கள் எல்லோரையும் உடனே மாளிகையை விட்டு வெளியேறும்படி மேரி கட்டளையிட்டார். பிறகு தனியே இருந்து தம் கடிதங்களையும் குறிப்புகளையும் எரித்தார். டிசம்பர் 28ஆம் திகதி கென்சிங்டனில் காலமானார். வயது முப்பத்திரண்டு.

இறுக்கமானவர் என்று பெயர் எடுத்த வில்லியம் உடைந்து போனார். ஏழு ஆண்டுகள் கழித்து, 1702இல், அவர் இறந்தபோது, மேரியின் மோதிரமும் அவருடைய கூந்தலின் ஒரு சிறு கற்றையும் அவர் உடலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததைக் கண்டார்கள். பிரான்சில் இருந்த தந்தையோ, மகளுக்காகத் தமது சபையில் துக்கம் அனுஷ்டிக்கக் கூடாது என்று தடுத்துவிட்டார். 1695 மார்ச் 5ஆம் திகதி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நல்லடக்கம் நடந்தது.

சேர்த்து வைத்தவை என்ன ஆயின? பீங்கான்களின் பெரும் பகுதியை வில்லியம் தம் நண்பரான அல்பமார்ல் பிரபுவுக்குக் கொடுத்துவிட்டார். நீர் மாடம் 1700ஆம் ஆண்டளவில் இடிக்கப்பட்டது. மேரி விட்டுச் சென்ற கடன்களின் பட்டியலில், டெல்ஃப்ட் பாண்டங்களுக்காக அட்ரியானஸ் கொக்ஸுக்குக் கொடுக்க வேண்டிய பணமும் இருந்தது. பேரரசியாக இருந்தும், கடைசியாக வாங்கிய சாடிகளின் விலை அவர் கண்மூடும்போது குயவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை.

எனினும் சில பூக்கோபுரங்கள் ஹம்ப்டன் கோர்ட்டில் எஞ்சியிருக்கின்றன. பால் அறையின் ஓடுகள் சில இலண்டனிலும் அம்ஸ்ரடாமிலும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கொக்ஸின் பெயரைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள் பின்னிய அடையாளத்தைத் தேடியே இன்றைய சேகரிப்பாளர்கள் பழைய சாடிகளின் அடியைத் திருப்பிப் பார்க்கிறார்கள். போலி அடையாளங்களும் நிறைய உண்டு. ஆகவே அடையாளத்தை மட்டும் நம்பாமல், விளிம்பில் மெருகு உதிர்ந்து மண் தெரிகிறதா, தட்டுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, தூரிகைக் கோடு கையால் இழுத்ததா என்று பார்ப்பார்கள். புதுப்பொருளில் குறையாகத் தெரியும் உடைவு, பழம்பொருளில் உண்மைக்குச் சாட்சியாகிவிடுகிறது. டெல்ஃப்டில் அன்றிருந்த பட்டறைகளில், 1653இல் தொடங்கிய ஒன்று மட்டும் இன்றுவரை இயங்கி, கையால் நீலம் தீட்டிக்கொண்டிருக்கிறது.

கிறின்விச் இல்லத்தின் கதை வேறு விதமானது. மேரி இறந்த பிறகு வில்லியம் அதைக் கைவிடவில்லை. மனைவியின் விருப்பம் என்று நிறைவேற்றினார். 1696இல் ரென் வேலையைத் தொடங்கினார். பின்னால் இருந்த அரசி மாளிகையிலிருந்து நதியைப் பார்க்கும் பார்வை மறையக் கூடாது என்பது மேரியின் ஆசை. அதனால் கட்டடத்தை இரண்டாகப் பிரித்து நடுவே வெளி விட்டுக் கட்டினார்கள். 1869 வரை, பல தலைமுறை மாலுமிகள் அங்கே முதுமையைக் கழித்தார்கள். ஒரு பூச்சாடியை எந்த இடத்தில் வைத்தால் அறைக்கு அழகு என்று பார்த்துப் பழகிய கண், ஓர் ஏழை விடுதிக்கும் நதியின் அழகு வேண்டும் என்று பார்த்திருக்கிறது.

சகோதரிகளே, அழகான பொருளின் மேல் ஆசை வைப்பது தவறு என்று சொல்ல இக்கதையை எழுதவில்லை. மேரியின் ஆசையால் ஒரு நகரத்தின் குயவர்களுக்கு வேலை கிடைத்தது. ஓர் அகதி ஓவியருக்குப் பெயர் கிடைத்தது. உலகத்துக்கு ஓர் அரிய கலைப்பொருள் கிடைத்தது. ஆனால் தனக்கென்று சேர்த்தவை அவர் போன சில ஆண்டுகளிலேயே கைமாறிச் சிதறின. பிறருக்கென்று எண்ணியது நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் வேலை செய்தது. பதினைந்து வயதில் அழுதுகொண்டு கப்பலேறிய பெண்ணுக்கு வாழ்க்கை அதிக உரிமைகளைக் கொடுக்கவில்லை. கொடுத்த கொஞ்சத்தைக் கொண்டு அவர் இத்தனையும் செய்தார். அவரைவிட எவ்வளவோ கூடுதலாக நமக்குக் கிடைத்திருக்கிறது. படிப்பு கிடைத்திருக்கிறது, கருத்துச் சொல்லும் இடம் கிடைத்திருக்கிறது, பெற்றோரின் ஆதரவு கிடைத்திருக்கிறது. அதைக் கொண்டு நாம் எதைச் சேர்க்கப் போகிறோம், யாருக்காகச் செய்யப் போகிறோம் என்பதே கேள்வி.